பிறந்த நேரத்தை மாற்றச் சொன்ன புகார்

1. காலண்டரோடு வந்தவர்

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தேன். கதவைத் தட்டாமல் ஒரு பெரியவர் உள்ளே வந்து, ஒரு தமிழ்க் காலண்டரை என் மேசையில் போட்டார். தினம் ஒரு தாள் கிழிக்கிற சுவர்க் காலண்டர். வீட்டுச் சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆணி தனியாகக் கழன்று என் ரசத்துப் பக்கம் உருண்டது.

“நீங்கதானே கம்ப்ளெய்ன் பாக்குற மிஸ்?”

“ஆமாங்கய்யா. உக்காருங்க.”

“உக்கார வரல. இன்னைக்கு ராகு காலம் எத்தனை மணிக்கு? படிங்க.”

படிக்க வேண்டிய தேவையே இல்லை. பினாங்கில் எந்தத் தமிழரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். “பத்தரையிலேருந்து பன்னெண்டு” என்றேன்.

“என் பேரன் எத்தனை மணிக்குப் பொறந்தான் தெரியுமா? பத்து அம்பதுக்கு! நாங்க புக் பண்ணது எட்டு மணிக்கு. நல்ல நேரம் பாத்து, ஒரு மாசத்துக்கு முன்னாலயே புக் பண்ணியாச்சு. உங்க டாக்டரு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல கழிச்சு, சரியா ராகு காலத்துல போயி புள்ளைய எடுத்திருக்காங்க. இதுக்கு யாரு பதில் சொல்றது?”

இப்படித்தான் அவர் எனக்கு அறிமுகமானார். பெயர் வீரமுத்து. கடலுக்கு அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில் லாரி போக்குவரத்துத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன், ஒரே மருமகள். இப்போது ஒரே பேரன். அந்தப் பேரன் மேலே ஐந்தாம் மாடியில் மூன்று கிலோ எடையோடு, எந்தக் குறையும் இல்லாமல், கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. என் வேலை என்ன என்பது பற்றி

ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேஷண்ட் ரிலேஷன்ஸ் பிரிவில் இருக்கிறேன். வாசலில் பலகை அப்படிச் சொன்னாலும், எல்லாரும் கூப்பிடுவது கம்ப்ளெய்ன் ரூம் என்றுதான். நான் சரோஜா. மிஸிமார்கள், அதாவது நர்ஸ்கள், எல்லாருக்கும் சரோஜாக்கா. ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. இந்த அறைக்குப் புதிதாக வரப்போகும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை விதமான புகார்கள் வரும் என்று கேட்காதீர்கள். கஞ்சி சூடாக இல்லை. கஞ்சி ரொம்பச் சூடாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார். நாலாம் நம்பர் கட்டில் வேண்டாம், அது சீனர்களுக்கு ஆகாத நம்பர். பார்க்கிங்குக்கு ஏன் காசு? ஒரு தடவை ஒரு குடும்பம் நோயாளிக்கு ஆசையாக டுரியான் பழத்தை வார்டுக்குள் கொண்டுவந்து பிளந்துவிட்டது. அந்த மாடி முழுக்க நாற்றம் அடிக்க, பத்துப் பேர் புகார் கொடுத்தார்கள். பதினோராவது புகார், டுரியானைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அந்தக் குடும்பமே கொடுத்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. கட்டிலில் கிடப்பவர் புகார் கொடுப்பதே இல்லை. கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு மிஸ்” என்பார். அவருடைய மச்சான் வருவார், சித்தப்பா வருவார், சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் போன் போடுவார். மேசையைத் தட்டுவது எல்லாம் அவர்கள்தான். அவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்கே போய்விடுவார்.

நேரம் பார்த்துப் பிள்ளை எடுப்பது எங்களுக்குப் புதிது அல்ல. சிசேரியன் புக் பண்ண வருகிறவர்களிடம் எங்கள் கிளார்க் கேட்கும் முதல் கேள்வியே “நேரம் பாத்தாச்சா?” என்பதுதான். சீனர்கள் அவர்களுடைய ஆளிடம் கேட்டு வருவார்கள். நம் ஆட்கள் ஜோசியரிடம் கேட்டு வருவார்கள். டாக்டர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். விடியற்காலை மூன்று மணி என்று சொன்னால் மட்டும் வேறு நேரம் பார்க்கச் சொல்லுவார்கள். நானும் இதைக் கேலி பண்ணுகிற ஆள் இல்லை. பழைய வீட்டிலிருந்து ஃப்ளாட்டுக்கு மாறியபோது ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்துத்தான் பாலைக் காய்ச்சினேன்.

அதனால் வீரமுத்து ஐயாவின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நடந்தது இதுதான். எட்டு மணிக்கு அவர் மருமகளை ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துப் போகத் தயாராக இருந்தபோது, வேறொரு பெண்ணை அவசரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரத்தப்போக்கு. தாயா பிள்ளையா, இரண்டில் ஒன்று என்ற நிலை. டாக்டர் லிம் அந்தப் பெண்ணை முதலில் எடுத்துக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். அந்தப் பெண் யார், என்ன என்று மற்றவர்களிடம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. “ஒரு எமெர்ஜென்சி ஐயா” என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

“நாங்க ஒரு மாசத்துக்கு முன்னால புக் பண்ணோம். அவங்க எப்ப புக் பண்ணாங்க?” என்றார் அவர்.

“ரத்தம் புக் பண்ணிட்டு வராதுங்கய்யா.”

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

3. இரண்டு கோரிக்கைகள்

அவர் எங்களிடம் கேட்டது இரண்டு. ஒன்று, பிள்ளை பிறந்த நேரத்தை எட்டு இருபது என்று ஆஸ்பத்திரி மாற்றி எழுதித் தர வேண்டும். அது முடியாது என்றால் இரண்டாவது: அவர் ஒரு பரிகார பூஜைக்கு ஏற்பாடு செய்வார், அது முடிகிற வரைக்கும் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியே தன் செலவில் வைத்துக்கொள்ள வேண்டும். ராகு காலத்தில் பிறந்த பிள்ளை தன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தப்பு செய்தது ஆஸ்பத்திரி, ஆகவே ஆஸ்பத்திரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்சிக் ஜமாலிடம் போய்ச் சொன்னேன். என்சிக் என்றால் மலாயில் மிஸ்டர் மாதிரி. தமிழ் முஸ்லிம். சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் குடும்பம். என்னைவிட வயதில் சின்னவர். எதற்கும் ஒரு பேரம் உண்டு என்று நம்புகிறவர்.

“பரிகாரம் எப்ப முடியுமாம்?”

“ஐயர் தேதி குடுக்கணுமாம்.”

“அலாமா! நம்ம என்ன ஹோட்டலா நடத்துறோம்? சரிக்கா, அந்த நேரத்தை மாத்துறதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“புள்ள வெளிய வந்த உடனே மிஸி மணியைப் பாத்து சத்தமா சொல்றாங்க. எல்லாரும் கேக்கிறாங்க. எழுதுறாங்க. டாக்டர் கையெழுத்துப் போடுறாங்க. அதை மாத்துனா நாளைக்கு நம்ம எல்லாரும் கோர்ட்டுல நிக்கணும் என்சிக்.”

“சரி சரி, சும்மாதான் கேட்டேன்லா. ஹாம்பர் அனுப்புங்க.”

ஹாம்பர் என்றால் பழக்கூடை. ஆரஞ்சு, ஆப்பிள், இரண்டு பாட்டில் சத்து பானம், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் தாள், சிவப்பு ரிப்பன். எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தப் புகாருக்கும் முதல் மருந்து அதுதான். மறுநாள் சனிக்கிழமை காலையில் டிரைவர் பட்டர்வொர்த்துக்குப் போய் வீரமுத்து ஐயா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரத்தில் எனக்குப் போன்.

“மிஸ், உங்க ஆளு எத்தனை மணிக்கு வந்தாரு தெரியுமா? ஒம்பதரைக்கு! சனிக்கிழமை ராகு காலம் எப்பன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒம்பதுலேருந்து பத்தரை! வேணும்னே பண்றீங்களா?”

போனைக் கொஞ்ச நேரம் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஒரு புகாருக்கு மன்னிப்புக் கேட்கப் போய், அந்த மன்னிப்புக்கே ஒரு புகார். இத்தனை வருஷ சர்வீசில் இப்படி ஒன்று நடந்தது இல்லை. பழக்கூடை அன்று மாலையே ஃபெர்ரியில் திரும்பி வந்து, ரிப்பன் அவிழாமல் என் மேசையில் உட்கார்ந்துகொண்டது.

4. ஐந்தாம் மாடி

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக இந்தப் பஞ்சாயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பெற்றவளை இன்னும் பார்க்கவே இல்லை. மேலே போனேன்.

போகிற வழியில், வார்டு வாசலில் வீரமுத்து ஐயாவே நின்றுகொண்டிருந்தார். அறைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். மருமகளுக்குக் கடையில் சொல்லிப் பத்தியச் சாப்பாடு வாங்கி வந்திருக்கிறார். டிஃபன் கேரியரைப் பின்பக்கமாகக் கையை நீட்டி மிஸியிடம் கொடுத்தார். தெரியாத்தனமாகக் கூடப் பேரன் முகம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை. எனக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது. சாப்பாடு வாங்கி வரத் தெரிகிறது, திரும்பிப் பார்க்க மட்டும் முடியவில்லை.

“ஏங்கய்யா இப்படி?” என்று கேட்டேன்.

இந்த முறை அவர் சத்தம் போடவில்லை. “எங்க பெரியண்ணன் பேரன் இப்படித்தான் கெட்ட நேரத்துல பொறந்தான் தங்கச்சி. ஆசையாத் தூக்குனாரு. அந்த மாசமே போயிட்டாரு. எனக்கு இப்ப கட்டம் சரியில்லன்னு ஜோசியரு ஏற்கனவே சொல்லியிருக்காரு. நான் என்ன பண்றது?”

மனுஷர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். அதைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

உள்ளே லோகேஸ்வரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவளுடைய அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. அக்கா ஒருத்தி நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் இருக்கிறாள். சின்ன வீடு, நாலு பிள்ளைகள். அதனால் பிரசவத்துக்குப் பிறகு மாமனார் வீட்டிலேயே இருப்பது என்று பேசி வைத்து, பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். இப்போது அந்த வீடு இல்லை என்று ஆகிவிட்டது.

“உங்களுக்கு ஏதாவது கம்ப்ளெய்ன் இருக்காம்மா?” என்று என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“இல்லக்கா. மிஸியெல்லாம் நல்லாப் பாத்துக்கிறாங்க.”

தொட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க இவனைத் தூக்கிக்கிறீங்களா?” என்றாள்.

தூக்கிக்கொண்டேன். கதகதவென்று இருந்தான். மூக்கு அப்படியே வாசலில் நின்றவருடைய மூக்கு.

“பொறந்ததுலேருந்து நானும் என் வீட்டுக்காரரும் மிஸியும்தான் தூக்கியிருக்கோம். வேற சொந்தக்காரங்கன்னு யாரும் தூக்கல. மாமா நல்லவருக்கா. எனக்கு மசக்கையா இருந்தப்ப அவரே பாசாருக்குப் போயி மாங்கா தேடி வாங்கிட்டு வந்தாரு. இப்பத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறாரு. இவன் என்னக்கா பண்ணான்?”

ஆஸ்பத்திரி எனக்கு எத்தனையோ டிரெயினிங் கொடுத்திருக்கிறது. கேளுங்கள், தலையாட்டுங்கள், குறுக்கே பேசாதீர்கள். நான் கேட்டேன், தலையாட்டினேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

அவள் கணவன் தினேஷ் ஜன்னல் பக்கம் போனும் கையுமாக நின்றான். நல்ல பையன்தான். ஆனால் அப்பா பக்கம் திரும்பினால் அப்பா சொல்வது சரி, மனைவி பக்கம் திரும்பினால் மனைவி சொல்வது சரி. “மிஸ், நீங்க அப்பாகிட்டக் கொஞ்சம் பேசுங்களேன்” என்றான்.

“தம்பி, அவரு எனக்கா அப்பா?” என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

5. வாய்ஸ் நோட்

திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். டாக்டர் லிம் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டில் காலியாக வேண்டும். வீட்டுக்குப் போக முடியாது. என்சிக் ஜமால் தன் அறையில் கடைசியாக ஒரு பேச்சுவார்த்தை வைத்தார். வீரமுத்து ஐயா, தினேஷ், நான்.

ஐயா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காலண்டர், எட்டு மணி, புக்கிங், ராகு காலம். ஃபேஸ்புக்கில் போடுவேன், பேப்பர்காரர்களைக் கூப்பிடுவேன் என்றார். மந்திரியிடம் போவேன் என்றார். எனக்குத் தலை வலித்தது. மூன்று நாளாக அவர் எங்களை விசாரித்தாரே தவிர, நாங்கள் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

“ஐயா, நாங்க விசாரிக்கணும்னா எல்லாத்தையும் விசாரிக்கணும். அந்த ஜோசியரு என்ன சொன்னாரு? எழுதிக் குடுத்தாரா?”

“எழுதியெல்லாம் இல்ல. நம்ம ஜோசியரு சேலத்துல இருக்காரு. எங்க கல்யாணத்துக்குப் பொருத்தம் பாத்தவரோட மகன். வாட்ஸ்அப்புலதான் பேசுவாரு.”

“போட்டுக் காட்டுங்க.”

அவர் போனை நீட்டினார். நானே தொட்டேன். ஜோசியர் நிதானமாகப் பேசினார். “ஐயா வணக்கம். பினாங்குக்கே கணிச்சுப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமை அருமையா இருக்கு. காலையில எட்டு மணியிலேருந்து எட்டே முக்காலுக்குள்ள புள்ளை பொறக்கற மாதிரிப் பாத்துக்குங்க. ராஜா மாதிரி இருப்பான்.”

“கேட்டீங்களா? எட்டுலேருந்து எட்டே முக்கால்!” என்றார் ஐயா.

கேட்டேன். அதன் கீழே ஐயா போட்டிருந்த பதிலும் இருந்தது: நன்றி, இரண்டு கும்பிடு. அதோடு விட்டிருப்பேன். ஆனால் எரிச்சலில் விரல் சும்மா இல்லாமல் திரையை மேலே தள்ளியது. அன்றாடம் வருகிற ரோஜாப்பூப் படங்கள், காலை வணக்கங்கள், அவற்றுக்கு நடுவில் இன்னொரு வாய்ஸ் நோட். அதே ஜோசியர். யாரும் திறந்து கேட்கவில்லை என்பது பக்கத்தில் இருந்த பச்சைக் குறியிலேயே தெரிந்தது.

“இது என்னங்கய்யா?”

“தெரியலையே. நான் மொத வாய்ஸ கேட்டேன், உடனே குடும்ப குரூப்புல போட்டேன், உங்க கிளார்க்குக்குப் போன் பண்ணேன்.”

தொட்டேன். ஜோசியர் குரல். “ஐயா, சொல்ல மறந்துட்டேன். நான் சொன்ன மணி நம்ம இந்திய மணி. எங்க சுவத்துக் கடிகாரம் பாத்து சொன்னது. உங்க ஊருல எவ்வளவு முன்னால போகுதுன்னு பாத்து, அதைக் கூட்டிக்குங்க. மறந்துடாதீங்க.”

ஐயா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

முதலில் கணக்குப் போட்டவர் என்சிக் ஜமால்தான். “ரெண்டரை மணி நேரம் கூட்டணும். எட்டு மணின்னா நம்ம பத்தரை. எட்டே முக்கால்னா பதினொண்ணே கால்.” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “புள்ள பொறந்தது பத்து அம்பது.”

“அப்பா, அப்ப அவன் நல்ல நேரத்துலதான் பொறந்திருக்கான்” என்றான் தினேஷ். மூன்று நாளில் அவன் குரல் கொஞ்சம் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

வீரமுத்து ஐயா இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். இன்னொரு தடவை. பிறகு சேலத்துக்கே போன் போட்டார். ஜோசியர் தூக்கக் கலக்கத்தில், “ஆமாங்கய்யா, அதான் சொன்னேனே, சூரியன் ஒவ்வொரு ஊருலயும் ஒவ்வொரு நேரத்துக்கு உதிக்கும், காலண்டர்ல போட்ட ராகு காலத்தை அப்படியே எடுத்துக்கக் கூடாது” என்று பெரிய பிரசங்கமே பண்ணினார்.

இதை நினைத்துப் பாருங்கள். அவர் கேட்டபடி சரியாக எட்டு மணிக்கு நாங்கள் கத்தியை எடுத்திருந்தால், அவர் கணக்குப்படியே பிள்ளை தப்பான நேரத்தில் பிறந்திருப்பான். யாரோ ஒரு பெண் ரத்தம் சொட்டச் சொட்ட வந்ததால்தான் இவர் பேரன் ராஜா ஆனான். அதற்குத்தான் மூன்று நாள் எங்களை உண்டு இல்லை என்று பண்ணினார்.

ஐயா எழுந்து நின்றார். முகம் அப்படியே மாறிவிட்டது. டாக்டர் கைராசிக்காரர் என்றார். இந்த ஆஸ்பத்திரி கோயில் மாதிரி என்றார். என்சிக் ஜமாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகாரை வாபஸ் வாங்குவதாகவும், பாராட்டு எழுதித் தருவதாகவும் சொல்லிவிட்டு, லிட்டில் இந்தியாவுக்குக் காரை எடுத்துக்கொண்டு பறந்தார்.

“கேஸ் க்ளோஸ், அக்கா” என்றார் என்சிக் ஜமால். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

6. டிஸ்சார்ஜ்

ஒரு மணி நேரத்தில் ஐயா திரும்பி வந்தார். ஒரு பெட்டி லட்டு, ஒரு மல்லிகை மாலை, சின்னப் பெட்டியில் பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி. வழியில் பார்த்த செக்யூரிட்டிக்கு, கிளார்க்குக்கு, எனக்கு, எல்லாருக்கும் லட்டு. முதல் முறையாக ஐந்தாம் மாடி அறைக்குள் கால் வைத்தார். நானும் கூடவே போனேன்.

லோகேஸ்வரி உடை மாற்றிக்கொண்டு, பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தினேஷ் முன்னாலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

“எங்க என் ராஜா? குடும்மா” என்று ஐயா இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

“மாமா, இவன் வெள்ளிக்கிழமையும் இதே புள்ளதான்” என்றாள். “மூணு நாளா இவன் அழுதான். நீங்க வாசல்லதான் நின்னீங்க. திரும்பல. இன்னைக்கு நேரம் நல்ல நேரம்னு ஆயிருச்சு, தூக்க வர்றீங்க. நாளைக்கு இன்னொரு ஜோசியரு அது இல்லன்னு சொன்னா, திரும்பக் கீழ வச்சிருவீங்களா?”

“என்னம்மா இப்படிப் பேசுற? ஒரு பயத்துலதானே...”

“பயந்தது நீங்க மட்டும் இல்ல மாமா. டிஸ்சார்ஜ் ஆனா புள்ளையத் தூக்கிட்டு எங்க போறதுன்னு நான் மூணு நாளா தூங்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் அக்கா வீட்டுக்குப் போறேன். சின்ன வீடுதான். அங்க இவன் பொறந்த நேரத்தை யாரும் கேக்கல. எப்ப வர்றேன்னுதான் கேட்டாங்க.”

ஐயா மகனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்தப் பையன் இப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் நானே அவனுக்கு ஒரு அறை விட்டிருப்பேன். தினேஷ் பெட்டியை எடுத்தான். பால் பாட்டில் பையைத் தோளில் மாட்டினான். மனைவியின் முழங்கையைப் பிடித்து எழுப்பினான். “பைராம் போயிட்டு ராத்திரி போன் பண்றேன்ப்பா” என்றான். மிஸி சக்கர நாற்காலியைத் தள்ள, மூவரும் லிஃப்ட் பக்கம் போனார்கள்.

அறையில் ஐயாவும் நானும் அந்த மல்லிகை வாசமும். லட்டுப் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். பாவம், வேறு எங்கே போவது என்று தெரியாமல், மூன்று நாளாகப் பழகிப்போன கேள்வியையே கேட்டார்.

“தங்கச்சி, இதுக்கு நான் யாருகிட்டப் போயி கம்ப்ளெய்ன் பண்றது?”

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். விசாரிக்கிறோம் ஐயா, மேலிடத்துக்குச் சொல்கிறோம் ஐயா, மூன்று வேலை நாளில் பதில் வரும் ஐயா. இவருக்கு அது எதுவும் உதவாது.

“எங்ககிட்ட இல்லங்கய்யா. அந்தப் பொண்ணுகிட்டத்தான். நம்ம லிஃப்ட் எல்லா மாடியிலயும் நின்னு நின்னுதான் போகும், அதுக்கும் தினம் கம்ப்ளெய்ன் வருது. படியில இறங்குனா புடிச்சிரலாம்.”

அவர் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார். பிறகு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினார். அந்த வயதில் அப்படி இறங்கக் கூடாது. விழுந்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். கார் வாசலில் நின்றது. ஐயா மூச்சு வாங்க ஓடி வந்து பின் கதவுப் பக்கம் நின்றார். கதவைத் திறக்கவில்லை, தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி இறங்கியது. அவர் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். தூக்கக் கேட்கவில்லை. வெறுமனே பார்த்தார். மூன்று நாள் கழித்து, அப்போதுதான் தன் பேரன் முகத்தைப் பார்த்தார். அவர் நிமிர்கிற வரைக்கும் கார் கிளம்பவில்லை. நிமிர்ந்ததும் நிபோங் திபாலுக்குக் கிளம்பிப் போய்விட்டது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மேசையைத் தட்டுகிறவர் உட்காரட்டும், தண்ணீர் கொடுங்கள், காத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் மேலே போய்க் கட்டிலில் இருப்பவரைக் கேளுங்கள். “ஒண்ணுமில்லக்கா” என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.